சர்க்கார் கொடுக்கும் வாடகைச் சீட்டு! அதற்கு அமெரிக்காவில் எத்தனை தவம்!

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் அட்லாண்டா. அட்லாண்டாவை ஒட்டினாற்போல ஒரு சிறிய ஊர். பெயர், ஈஸ்ட் பாயிண்ட்.

2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி. வெயில் சுட்டெரித்தது. அந்த ஊரில் கடைகள் நிறைந்த ஒரு திடலில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள் நின்றார்கள். கால் கடுக்க முதியவர்கள் நின்றார்கள். சிலர் இரண்டு நாட்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

மொத்தம் 30 ஆயிரம் பேர்!

சினிமா நட்சத்திரம் யாராவது வந்தாரா? இல்லை. திருவிழாவா? அதுவும் இல்லை. அத்தனை பேரும் வந்தது ஒரு தாள் வாங்க. ஒரு விண்ணப்பத் தாள்!

வெயிலிலும் நெரிசலிலும் பலர் சுருண்டு விழுந்தார்கள். 60 பேருக்கு மேல் வைத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போலீசார் வந்து கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

சந்திரனில் மனிதனை இறக்கிய நாடு அது. அங்கே ஒரு தாளுக்கு இத்தனை கூட்டமா?

அந்தத் தாளைப் பூர்த்தி செய்து கொடுத்தால் உடனே வீடு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும். அவ்வளவுதான். ஈஸ்ட் பாயிண்ட் வீட்டு வசதி ஆபீசிடம் இருந்த வாடகைச் சீட்டுகள் மொத்தமே 455. அவையும் ஏற்கனவே வேறு குடும்பங்களின் கையில் இருந்தன. அவர்களில் யாராவது விட்டால்தான் பட்டியலில் இருப்பவருக்கு முறை வரும்.

இது தெரிந்தேதான் 30 ஆயிரம் பேர் வெயிலில் நின்றார்கள்.

சீட்டில் என்ன இருக்கிறது?

அந்த வாடகைச் சீட்டை அமெரிக்காவில் "செக்‌ஷன் எயிட்" என்று சொல்கிறார்கள். அதாவது "எட்டாவது பிரிவு". சட்டப் புத்தகத்தில் அந்தத் திட்டம் எட்டாவது பிரிவில் வருகிறது. அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

கணக்கு இப்படி.

ஒரு குடும்பம். அம்மா மட்டும் சம்பாதிக்கிறாள். இரண்டு குழந்தைகள். மாத வருமானம் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 1,500 டாலரை நம் ரூபாயில் மாற்றிப் பார்த்து, "அம்மாடி! லட்ச ரூபாய்க்கு மேலே வருகிறதே! இவளா ஏழை?" என்று மலைக்க வேண்டாம். அந்த ஊரில் அது ஏழைச் சம்பளம். இரண்டு அறை உள்ள ஒரு சாதாரண வீட்டுக்கு வாடகை 1,400 டாலர் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் மாதம் முழுவதும் மூன்று வயிறுகளுக்கு மிச்சம் 100 டாலர்!

சீட்டு கையில் இருந்தால் கதை வேறு. வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்குதான் அவள் வாடகையாகக் கொடுக்கவேண்டும். 1,500 டாலரில் 30 பங்கு என்றால் 450 டாலர். மீதி 950 டாலரை சர்க்கார் நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடும். அவள் கையில் மாதம் 1,050 டாலர் நிற்கும். (உண்மைக் கணக்கில் குழந்தைகளுக்காகக் கொஞ்சம் கழிவும் உண்டு. அதைச் சேர்த்தால் அவள் பங்கு இன்னும் குறையும்.)

இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. வேலை போய்விட்டால் என்ன ஆகும்? ஆபீசில் போய்ச் சொன்னால் அவள் பங்கைக் குறைத்துவிடுவார்கள். ஒரு காசு வருமானம் இல்லாவிட்டாலும் மாதம் 50 டாலருக்கு மேல் கேட்க மாட்டார்கள். சம்பளம் கூடினாலும் சொல்லவேண்டும். அப்போது அவள் பங்கு கூடும்.

அதற்காக, சர்க்கார் பணம்தானே என்று பங்களாவில் குடியேற முடியாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நியாயமான வாடகை இவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்குப் போட்டு அறிவிக்கிறார்கள். அதை ஒட்டித்தான் சர்க்கார் பணம் வரும். அதற்கு மேல் வாடகை உள்ள வீடு பிடித்திருந்தால், மேலே வருவதைக் குடும்பமே கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுப்பதிலும் வரம்பு உண்டு. புது வீட்டில் குடியேறும்போது குடும்பத்தின் பங்கு வருமானத்தில் நூற்றுக்கு 40-ஐத் தாண்டக்கூடாது. நம் குடும்பத்துக்கு அது 600 டாலர். வீட்டுக்காரர், "சர்க்காருக்குத் தெரியாமல் கையில் ஒரு நூறு கொடு" என்று கேட்டால் அது குற்றம்.

அட்வான்ஸ் மட்டும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. அங்கேயும் அட்வான்ஸ் உண்டு. பல ஊர்களில் ஒரு மாத வாடகை, இரண்டு மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய சென்னைவாசிகளுக்கு இதைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்!

இடிந்து விழுந்த 33 கட்டிடங்கள்

நூற்றுக்கு 30 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அதற்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது.

1937-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தார். நாட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு ஒழுங்கான வீடு இல்லை என்று அவர் பகிரங்கமாகவே சொன்னார். அந்த ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. ஏழைகளுக்கு சர்க்கார் செலவில் குடியிருப்புகள் கட்டத் தொடங்கினார்கள்.

கட்டுவதற்கு சர்க்கார் பணம் கொடுத்தது. பிறகு? விளக்கு எரிய, குழாய் பழுது பார்க்க, பெருக்கித் துடைக்க யார் பணம் கொடுப்பது? குடியிருப்பவர்கள் கொடுக்கும் வாடகையில்தான் அதை எல்லாம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் முளைத்தது.

செயிண்ட் லூயி நகரத்தைப் பாருங்கள். அங்கே புரூயிட்-ஐகோ என்று ஒரு பிரமாண்டமான குடியிருப்பு. 33 கட்டிடங்கள். ஒவ்வொன்றும் 11 மாடி. 1950-களின் நடுவில் கட்டி முடித்தார்கள். செலவைக் குறைக்க ஒரு யோசனை செய்தார்கள். லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. முதல் மாடி, நாலாவது, ஏழாவது, பத்தாவது. அவ்வளவுதான். மற்ற மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ போகவேண்டும். கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக வரும் பெண்ணைக் கேட்டிருந்தால் அந்த யோசனையை அப்போதே குப்பையில் போட்டிருப்பாள்.

நாளாக ஆகக் கட்டிடங்கள் பழுதாயின. குழாய் வெடித்தது. ஜன்னல் உடைந்தது. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். வாடகை வரவு குறைந்தது. உடனே என்ன செய்தார்கள்? மிச்சம் இருந்த ஏழைகளுக்கு வாடகையை உயர்த்தினார்கள்!

1969-ம் ஆண்டில் செயிண்ட் லூயி நகரத்து சர்க்கார் குடியிருப்புகளில் இருந்த மக்கள் பொறுமை இழந்தார்கள். "வாடகை கொடுக்க மாட்டோம்" என்று போராட்டம் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர்களில் பெண்கள் பலர். மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. நாடே திரும்பிப் பார்த்தது.

அமெரிக்க செனட் சபையில் அப்போது எட்வர்டு புரூக் என்பவர் இருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். ஜனங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு செனட் சபைக்கு அனுப்பிய முதல் கருப்பின உறுப்பினர் அவர்தான். அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சர்க்கார் குடியிருப்பில் வசிப்பவரிடம் வருமானத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வாடகை வாங்கக்கூடாது என்பது அந்தத் திருத்தம். 1969-ம் ஆண்டே சட்டம் ஆயிற்று. ஏழையின் வாடகையை வீட்டை வைத்து அளக்காமல் அவன் சம்பளத்தை வைத்து அளக்க வேண்டும் என்பது அப்போதுதான் நிலைபெற்றது. 1981-ம் ஆண்டில் ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது 25 பங்கை 30 பங்கு ஆக்கினார்கள்.

புரூயிட்-ஐகோவை 1972-ம் ஆண்டில் வெடி வைத்துத் தகர்க்க ஆரம்பித்தார்கள். 1976-க்குள் 33 கட்டிடங்களும் தரைமட்டம் ஆயின.

"இனிமேல் கட்டிடம் கட்டுவதை விட, ஏழையின் கையில் சீட்டைக் கொடுத்து, 'நீயே வெளியில் வீடு பார்த்துக்கொள்' என்று சொல்லிவிடலாம்" என்ற எண்ணம் வளர்ந்தது. 1973 ஜனவரியில் நிக்சன் சர்க்கார் புதிய வீட்டு வசதித் திட்டங்களை நிறுத்திவைத்தது. 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவியை விட்டு விலகினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. புது ஜனாதிபதி போர்டு கையெழுத்துப் போட்டார். 1937-ம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது பிரிவு புது உருவம் எடுத்தது. வாடகைச் சீட்டு அப்படிப் பிறந்ததுதான்.

நாலு பேருக்கு ஒரு சோறு

யாருக்கு இந்தச் சீட்டு கிடைக்கும்?

ஒரு வட்டாரத்தில் உள்ள குடும்பங்களை எல்லாம் வருமானப்படி வரிசையாக நிறுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கோடியில் பரம ஏழை. மறு கோடியில் கோடீசுவரன். நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு? அதில் பாதிக்கும் கீழே சம்பாதிக்கிறவர்கள் சீட்டுக் கேட்கலாம். ஆனால் புதிதாகக் கொடுக்கும் நாலு சீட்டில் மூன்றையாவது, அவர்களிலும் மிக ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம்.

நாட்டின் குடிமகனாகவோ, நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றவராகவோ, அகதியாகவோ இருக்கவேண்டும். வேலை விசாவில் போயிருக்கும் நம் ஊர் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கும், படிக்கப் போயிருக்கும் மாணவர்களுக்கும் இது கிடையாது.

வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு யாரும் சீட்டு கொடுப்பதில்லை. நாடு முழுவதும் 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர் வீட்டு வசதி ஆபீசுகள் அதைக் கவனிக்கின்றன. அங்கே போய் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். குழந்தைகளின் பிறப்புச் சான்று, சம்பள ரசீது, பாங்கிக் கணக்கு எல்லாம் காட்டவேண்டும். முதியவர், ஊனமுற்றவர், தெருவில் நிற்பவர், உள்ளூர்க்காரர் என்று ஒவ்வொரு ஆபீசும் தனக்கென்று முன்னுரிமை வைத்திருக்கிறது.

இன்று சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இந்தச் சீட்டில் வாழ்கின்றன. பெரிய எண்ணிக்கைதான். ஆனால், தகுதி உள்ளவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு வகையில் சர்க்காரின் வாடகை உதவி கிடைக்கிறது. மற்ற மூன்று பேருக்குத் தகுதி மட்டும்தான் உண்டு!

ஏன் இப்படி?

அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவு வாங்க சர்க்கார் உதவி செய்கிறது. அதற்குத் தகுதி இருந்து விண்ணப்பித்தால் கொடுத்தே தீரவேண்டும். பசித்தவர் எத்தனை பேரோ அத்தனைக்கும் பணம் ஒதுக்குவார்கள். வாடகைச் சீட்டு அப்படி இல்லை. அங்கே பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அது ஒவ்வொரு ஆண்டும் இவ்வளவு பணம்தான் என்று ஒரு தொகையை ஒதுக்குகிறது. அந்தப் பணம் எத்தனை குடும்பத்துக்கு வருமோ அத்தனை குடும்பத்துக்குத்தான் சீட்டு. மிச்சப் பேர் வரிசையில் நிற்கவேண்டும். பசிக்கு ஒரு நியாயம், கூரைக்கு ஒரு நியாயம்!

சீட்டு கிடைத்தவர்கள் அதற்காகச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் வரை காத்திருந்தவர்கள். பெரிய நகரங்கள் சிலவற்றில் எட்டு ஆண்டு வரை ஆகிறது. வரிசை நீண்டுவிட்டால் ஆபீசில் பட்டியலையே மூடிவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்சில் 2017-க்குப் பிறகு 2022 அக்டோபரில்தான் பட்டியலைத் திறந்தார்கள். 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தது. குலுக்கல் போட்டு 30 ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டார்கள்.

காத்திருப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வாடகை கொடுக்க முடியாதவர் ஒரே வீட்டிலா இருக்கப்போகிறார்? அக்காள் வீடு, சிநேகிதி வீடு, காரில் படுக்கை என்று அலைவார். முறை வரும்போது ஆபீசில் இருந்து கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும். பதில் வராது. பெயரை அடித்துவிடுவார்கள். வீடு இல்லை என்பதற்காகவே வீட்டு உதவி கை நழுவிப்போகும் கொடுமை இது.

கதவைத் தட்டினால்...

சரி, முறை வந்துவிட்டது. சீட்டும் கைக்கு வந்துவிட்டது. இனி நிம்மதிதானே?

இனிமேல்தான் அலைச்சல்!

சீட்டுக்குக் கெடு உண்டு. குறைந்தது 60 நாள். சில ஆபீசுகள் நீட்டித்துக் கொடுக்கும். அதற்குள் வீடு பார்க்கவேண்டும். வாடகை கணக்குக்குள் இருக்கவேண்டும். வீட்டுக்காரர் சம்மதிக்கவேண்டும். பிறகு இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வெந்நீர் வருகிறதா? குளிருக்கு அடுப்பு வேலை செய்கிறதா? புகை வந்தால் அலறும் கருவி இருக்கிறதா? சின்னக் குழந்தை உள்ள குடும்பம் என்றால் சுவரில் பழைய பெயிண்ட் உரிகிறதா என்று முக்கியமாகப் பார்ப்பார். 1978-க்கு முன்பு கட்டிய வீடுகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். குழந்தை அதைச் சுரண்டி வாயில் போட்டால் மூளை வளர்ச்சியே கெடும். நல்ல விதிதான். ஆனால், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி சொல்வதற்குள் வீட்டுக்காரர் வேறு ஆளைக் குடிவைத்துவிடுவதும் உண்டு.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. சீட்டை வாங்கியே தீரவேண்டும் என்று வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான சட்டம் இல்லை!

2018-ம் ஆண்டில் ஒரு ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். மத்திய சர்க்கார் செய்யச் சொன்ன ஆராய்ச்சி அது. ஐந்து ஊர்களில் வீட்டுக்காரர்களுக்கு டெலிபோன் செய்து, "வாடகைச் சீட்டை ஒத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள போர்ட் வொர்த் நகரில் நூற்றுக்கு 78 பேர் முடியாது என்றார்கள். லாஸ் ஏஞ்சல்சில் 76 பேர். பிலடெல்பியாவில் 67 பேர். நெவார்க்கில் 31 பேர். தலைநகரம் வாஷிங்டனில் 15 பேர்.

அதுவும், டெலிபோன் செய்வதற்குத் தகுந்த ஒரே ஒரு வீட்டைப் பொறுக்கி எடுக்க, சராசரியாக 39 விளம்பரங்களைப் பார்க்கவேண்டி இருந்ததாம்!

வாஷிங்டனிலும் நெவார்க்கிலும் மறுப்பவர்கள் குறைவாக இருக்கக் காரணம் உண்டு. சீட்டு வைத்திருக்கிறார் என்பதற்காக யாரையும் விரட்டக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. பிலடெல்பியாவிலும்தான் அந்தச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 67 பேர் மறுத்தார்களே! சட்டத்தைப் போட்டவர்கள் தட்டிக் கேட்கவும் வேண்டும் அல்லவா? லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் கலிபோர்னியாவில் 2020-ம் ஆண்டு முதல் மாநிலம் முழுவதற்கும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர்கள் ஏன் மறுக்கிறார்கள்? "இன்ஸ்பெக்ஷன், பாரம், கையெழுத்து என்று இழுத்தடிக்கிறார்கள். முதல் மாதப் பணம் வரத் தாமதம் ஆகிறது" என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. ஏழை வந்தால் தெருவின் மதிப்பு போய்விடும் என்ற எண்ணம் இருக்கிறது. கருப்பின மக்கள் வந்துவிடுவார்கள் என்ற எண்ணமும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வீடு போய்விட்டது" என்பார்கள். "நீங்கள் என்ன ஆளுங்க? சைவமா, அசைவமா?" என்று கேட்டுவிட்டு, "அப்புறம் சொல்கிறோம்" என்று கதவைச் சாத்தும் வீட்டுக்காரர்களை நாம் பார்க்காதவர்களா? வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த "அப்புறம்" என்ன என்று தெரியும்.

மொத்தத்தில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சீட்டு வாங்கியவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர்தான் அதை வைத்து வீடு பிடிக்கிறார்கள். மற்றவர்கள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

சிகாகோவில் ஒரு தாய்

எந்தத் தெருவில் வீடு கிடைக்கிறது என்பதற்கு ஏன் இத்தனை முக்கியம்? எங்கேயோ ஒரு கூரை இருந்தால் போதாதா?

போதாது என்று முதலில் கோர்ட்டுக்குப் போனவர் சிகாகோ நகரத்து டாரத்தி கட்ரோ. கருப்பினப் பெண். சர்க்கார் குடியிருப்பில் வசித்தவர். சிகாகோவில் ஏழைகளுக்குக் கட்டும் வீடுகளை எல்லாம் கருப்பின மக்கள் வசிக்கும் பகுதிகளிலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். இது எங்களை ஒதுக்கி அடைத்துவைக்கும் வேலை என்று 1966-ம் ஆண்டில் அவரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1968-ம் ஆண்டில் அந்த அம்மாள் இறந்துபோனார். வழக்கு சாகவில்லை. 1976-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பு அளித்தது. சிகாகோ நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளிலும் பரிகாரம் தேடலாம் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு சுமார் 7 ஆயிரம் குடும்பங்கள் வாடகைச் சீட்டோடு புது இடங்களுக்குக் குடிபோயின. பல குடும்பங்கள் புறநகர்ப் பகுதிகளுக்கே போய்விட்டன. அப்படிப் போன பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாகச் செய்திகள் வந்தன.

"நல்ல இடத்துக்குப் போனதால் படித்தார்களா, அல்லது கெட்டிக்காரக் குடும்பங்கள்தான் போயினவா?" என்று சிலர் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். சர்க்காரே ஒரு சோதனை நடத்திப் பார்க்க முடிவு செய்தது.

குலுக்கலில் விழுந்த வாழ்க்கை

1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் 4,600 குடும்பங்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் வறுமை மண்டிய பகுதிகளில் சர்க்கார் குடியிருப்பில் இருந்தவர்கள். குலுக்கல் போட்டு மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஒரு சீட்டு. அதை ஏழ்மை குறைந்த பகுதியில் மட்டும்தான் பயன்படுத்தலாம். இரண்டாவது பிரிவுக்குச் சாதாரணச் சீட்டு. மூன்றாவது பிரிவுக்குச் சீட்டு இல்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். நல்ல இடத்துக்குப் போன தாய்மார்களின் மனக்கவலை குறைந்தது. நீரிழிவும் மிதமிஞ்சிய உடல் பருமனும் குறைந்தன. ஆனால் சம்பளம்? ஒரு காசு கூடவில்லை. "இவ்வளவுதானா?" என்று பலர் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தவர் ராஜ் செட்டி. தமிழ்ப் பெற்றோருக்கு 1979-ல் புதுடெல்லியில் பிறந்தவர். 9 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனார். இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் என்ற இருவரும் அவருடன் சேர்ந்து வேலை செய்தார்கள்.

அவர்கள் தாய்மார்களை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் பார்த்தார்கள். அன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு மாறிய குழந்தைகள் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறார்களே! அவர்களின் வருமான வரிக் கணக்கைப் பெயர் தெரியாத வகையில் பெற்று ஒப்பிட்டார்கள். 2015-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது.

13 வயதுக்கு முன்னால் நல்ல இடத்துக்குக் குடிபோன குழந்தைகள், வளர்ந்த பிறகு மற்றவர்களை விட நூற்றுக்கு 31 பங்கு அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அவர்களில் அதிகம்.

13 வயது தாண்டிய பிறகு போன பிள்ளைகளுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. பழகிய பள்ளியையும் சிநேகிதர்களையும் விட்டு வந்ததால் கொஞ்சம் நஷ்டமே ஏற்பட்டதாகத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்து ஒரே நாளில் கிளம்பிய அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட இப்படிப் பலன் மாறியிருக்கலாம்!

சியாட்டில் செய்து பார்த்தது

ராஜ் செட்டியும் அவர் கூட்டாளிகளும் அதோடு நிற்கவில்லை. 2018-ம் ஆண்டில் சியாட்டில் நகரத்து வீட்டு வசதி ஆபீசுகளோடு சேர்ந்து இன்னொரு சோதனையில் இறங்கினார்கள். சீட்டுத் தொகையைக் கூட்டுவதற்குப் பதிலாக, சீட்டு வாங்கிய குடும்பத்தோடு கூடவே வர ஒரு ஆளைக் கொடுத்தார்கள்.

அந்த ஆள் என்ன செய்வார்? எந்தப் பகுதியில் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று சொல்வார். வீட்டுக்காரர்களிடம் பேசுவார். விண்ணப்பத்தைச் சரியாக எழுத உதவுவார். அட்வான்சுக்குப் பணம் ஏற்பாடு செய்து கொடுப்பார். இன்ஸ்பெக்‌ஷனைச் சீக்கிரம் முடிக்கவும் வழி செய்தார்கள்.

உதவி இல்லாத குடும்பங்களில் நூற்றுக்கு 15 பேர்தான் நல்ல பகுதியில் குடியேறினார்கள். உதவி கிடைத்தவர்களில் 53 பேர்!

ஏழைகள் தாங்களாகவே விரும்பித்தான் ஏழைத் தெருவில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கணக்குக்குப் பிறகு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டார்கள்.

தொட்டில் குழந்தைக்கு வயது என்ன?

இனி அந்த வரிசைக்குத் திரும்புவோம். வரிசையில் நிற்பது அம்மா. ஆனால் வயது ஏறிக்கொண்டே போவது குழந்தைக்கு. 6 வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போடுகிற தாய்க்கு, இரண்டரை ஆண்டில் சீட்டு கிடைத்தால் பெண்ணுக்கு எட்டரை வயது. நல்ல காலம்தான். எட்டு ஆண்டு ஆகும் நகரமாக இருந்தால் 14 வயது. சீட்டு அதே சீட்டு. டாலரும் அதே டாலர். ராஜ் செட்டி கண்டுபிடித்த அந்த 31 பங்கு மட்டும் அதற்குள் போயிருக்கும்.

நியூயார்க் நகர வீட்டு வசதி ஆபீஸ் 2009 டிசம்பரில் தன் பட்டியலை மூடியது. மறுபடியும் திறந்தது 2024 ஜூனில். ஒரே வாரம்தான் திறந்து வைத்திருந்தார்கள். ஈஸ்ட் பாயிண்டைப் போல வெயிலில் யாரும் நிற்கவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் மூலம். வந்து குவிந்த விண்ணப்பங்கள் 6 லட்சத்து 33 ஆயிரம். குலுக்கலில் 2 லட்சம் பெயரை எடுத்துப் பட்டியலில் ஏற்றினார்கள். மற்ற 4 லட்சத்து 33 ஆயிரம் விண்ணப்பங்கள் அதோடு முடிந்தன.

பட்டியலை மூடிய அந்த டிசம்பரில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு, 2024 ஜூனில் வயது 14.